சாவியைப் பையில் போட்டுக்கொண்டவர்: சர் மைல்ஸ் ஹோபார்ட், 1629

ஸ்டூவர்ட் காலத்து இங்கிலாந்து நாடாளுமன்றம் என்றால் ஜான் எலியட், ஜான் பிம், ஹாம்ப்டன், செல்டன், அப்புறம் கிராம்வெல் என்று ஒரு வரிசை சொல்வார்கள். அந்த வரிசையில் சர் மைல்ஸ் ஹோபார்ட்டுக்கு இடம் கிடையாது. கிரேட் மார்லோ என்ற சின்ன ஊரின் உறுப்பினர். ஒரே ஒரு நாடாளுமன்றத்தில் உட்கார்ந்தார். பேச்சுக்காக அவரை யாரும் நினைவில் வைத்திருக்கவில்லை. ஒரு திங்கட்கிழமை காலை அவர் ஒரு கதவைப் பூட்டினார், சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். இன்றைக்கு அவரைப் பற்றி எழுத வேண்டியிருப்பது அந்தப் பூட்டுக்காகத்தான்.

அந்தப் பூட்டை ஒரு வழக்காகவே எடுத்துக்கொள்ளலாம். சபைக்குள் ஓர் உறுப்பினர் செய்ததை வெளியே உள்ள நீதிமன்றம் விசாரிக்கலாமா? பேசியது என்றால் அதற்குச் சட்டத்தில் தெளிவான பதில் வந்துவிட்டது, தாமதமாகத்தான் என்றாலும். பூட்டியது என்றால்?

தேதியில் ஒரு சிக்கல் உண்டு, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அன்றைய இங்கிலாந்தில் புது வருடம் பிறந்தது மார்ச் 25இல். அதனால் அந்தக் காலத்து ஆவணங்கள் இந்தச் சம்பவத்தை 1628 மார்ச் 2 என்றே சொல்லும். நம் கணக்கில் அது 1629. இன்னொரு குழப்பம், பெயரில். 1640களின் உள்நாட்டுப் போரில் நாடாளுமன்றப் படையில் கர்னலாக இருந்த சர் மைல்ஸ் ஹோபார்ட் ஒருவர் உண்டு, நார்ஃபோக் பக்கத்துக்காரர். அவர் வேறு. நம்முடைய ஆள் போர் தொடங்குவதற்குப் பத்து வருடம் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார்.

மார்லோவும் ஒரு சீட்டும்

கிரேட் மார்லோ பக்கிங்ஹாம்ஷயரில், தேம்ஸ் கரையில் இருக்கிறது. பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கம் வரை நாடாளுமன்றத்துக்கு ஆள் அனுப்பிக்கொண்டிருந்த ஊர், அதற்குப் பிறகு நிறுத்திவிட்டது. அனுப்பினால் உறுப்பினருக்குப் படி கொடுக்க வேண்டும். சின்ன ஊருக்கு அது ஒரு செலவு. அப்படியே முந்நூறு வருடம் ஓடிவிட்டது. ஜேம்ஸ் மன்னரின் கடைசிக் காலத்தில் நிலைமை தலைகீழாகியிருந்தது. சீட்டுக்குப் பணக்காரர்கள் அலைந்தார்கள். வில்லியம் ஹேக்வில் என்ற வக்கீல் பழைய ஆவணங்களைத் தோண்டி, மார்லோ, ஆமர்ஷம், வெண்டோவர் மூன்றும் ஒரு காலத்தில் ஆள் அனுப்பியவைதான் என்று காட்டினார். 1624இல் நாடாளுமன்றத்தின் கீழ்சபையான காமன்ஸ் சபை மூன்றுக்கும் உரிமையைத் திருப்பிக் கொடுத்தது. வெண்டோவரில் ஜான் ஹாம்ப்டன் வந்தார். மார்லோவில் 1628 தேர்தலில் ஹோபார்ட் வந்தார்.

ஆக, அவர் உட்கார்ந்த இடமே, சபை தன் அதிகாரத்தில் புதுப்பித்துக் கொடுத்த இடம். அவர் கதவைப் பூட்டியதற்கு இதுதான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் ஒரு சபை, மன்னரின் தயவுக்குக் காத்திராமல், தன்னைத்தானே விரித்துக்கொள்ளத் துணிந்திருந்த காலம் அது. அதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே போகலாம்.

சண்டை எதற்கு

சுங்கவரிதான் மூலம். டனேஜ் என்பது இறக்குமதியாகும் மதுவுக்குப் பீப்பாய்க் கணக்கில் வசூலிப்பது. பவுண்டேஜ் என்பது ஒரு பவுண்டு மதிப்புள்ள சரக்குக்கு ஒரு ஷில்லிங், அதாவது நூற்றுக்கு ஐந்து. பதினைந்தாம் நூற்றாண்டிலிருந்தே புது மன்னர் பட்டத்துக்கு வந்தால், முதல் நாடாளுமன்றம் இந்த வரியை அவருடைய ஆயுள் முழுக்க எழுதிக் கொடுத்துவிடும். 1625இல் முதலாம் சார்லஸ் வந்தபோது காமன்ஸ் சபை ஒரு வருடத்துக்கு மட்டும் தருகிறோம் என்றது. அந்த மசோதாவும் பிரபுக்கள் சபையைத் தாண்டவில்லை. சார்லஸ் கவலைப்படவில்லை. முன்னோருக்கு வந்த காசு எனக்கும் வரும் என்று சட்டமே இல்லாமல் வசூலித்துக்கொண்டிருந்தார்.

வியாபாரிகள் சிலர் கட்ட மறுத்தார்கள். ரிச்சர்ட் சேம்பர்ஸ் என்பவர் மன்னரின் ஆலோசனைக் குழுவான பிரிவி கவுன்சில் முன்னால் நின்று, துருக்கியில்கூட வியாபாரிகளை இப்படிப் பிழிவதில்லை என்கிற மாதிரி சொல்லிவைத்தார். அந்த ஒரு வாக்கியத்துக்கு, மன்னரின் ஆலோசகர்களும் நீதிபதிகளாக உட்காரும் ஸ்டார் சேம்பர் நீதிமன்றம் 2,000 பவுண்டு அபராதம் போட்டது. ஜான் ரோல் என்ற வியாபாரியின் சரக்கையும் பிடித்து வைத்தார்கள். ரோல் காமன்ஸ் சபை உறுப்பினரும்கூட. நாடாளுமன்றம் மொத்தமும் உமக்குள் இருந்தாலும் சரக்கை எடுத்துக்கொள்வோம் என்று ஒரு சுங்க அதிகாரி அவரிடம் சொன்னதாகச் சபையில் புகார் வந்தது. கேட்டவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்! அதிகாரிகளைச் சபை விசாரிக்கக் கூப்பிட்டதும், அவர்கள் செய்தது என் உத்தரவில்தான் என்று சார்லஸே பொறுப்பை ஏற்றுக்கொண்டார். அதோடு விவகாரம் சுங்க அதிகாரியை விட்டு மன்னரிடம் போய்விட்டது.

மதமும் சேர்ந்துகொண்டது. வில்லியம் லாட் போன்ற பிஷப்புகள் தேவாலயத்தைக் கத்தோலிக்கப் பக்கம் இழுக்கிறார்கள் என்று காமன்ஸ் சபையில் பெரும்பாலோர் நம்பினார்கள். 1628 ஜூனில்தான், நாடாளுமன்றம் ஒப்பாமல் வரி கூடாது, காரணம் சொல்லாமல் சிறை கூடாது என்று கேட்ட உரிமை மனுவுக்கு மன்னர் சம்மதம் வாங்கியிருந்தார்கள்; ஆகஸ்டில் மன்னரின் அருமை நண்பர் பக்கிங்ஹாம் பிரபுவை போர்ட்ஸ்மவுத்தில் ஒருவன் குத்திக் கொன்றிருந்தான். 1629 ஜனவரி 20இல் சபை மறுபடி கூடியபோது எந்தப் பக்கமும் விட்டுக்கொடுக்கிற மனநிலையில் இல்லை. பிப்ரவரி 25இல் சபையை மார்ச் 2க்கு ஒத்திவைத்தார்கள்.

அந்தக் காலை

சபை கூடிய இடம் வெஸ்ட்மின்ஸ்டரில் செயின்ட் ஸ்டீபன் சேப்பல். பழைய அரண்மனைக் கோயில். எதிரும் புதிருமாகப் பெஞ்சுகள், நடுவே மேசை, ஒரு கோடியில் சபாநாயகர் நாற்காலி. கிட்டத்தட்ட 490 உறுப்பினர்கள் உண்டு. எல்லோரும் வந்தால் உட்கார இடம் போதாது.

சபாநாயகர் சர் ஜான் ஃபின்ச் எழுந்து, மார்ச் 10 வரை ஒத்திவைக்கும்படி மன்னர் உத்தரவு என்றார். வேண்டாம் என்று குரல்கள். ஒத்திவைப்பது சபையின் உரிமை, மன்னரின் உரிமை அல்ல என்பது அவர்கள் கட்சி. எதிர்ப்பாளர்களின் தலைவரான ஜான் எலியட் ஒரு தீர்மானத் தாளை எடுத்து நீட்டினார், படிக்கச் சொல்லி. ஃபின்ச் மறுத்து நாற்காலியை விட்டு இறங்கப் பார்த்தார். உடனே டென்சில் ஹோல்ஸும் பெஞ்சமின் வாலன்டைனும் இரண்டு பக்கமும் பாய்ந்து அவரை அமுக்கி உட்கார வைத்தார்கள். நம் சட்டசபைச் செய்திகளில் உறுப்பினர்களைக் குண்டுக்கட்டாக வெளியேற்றினார்கள் என்று படித்துப் பழகியவர்களுக்கு இது விநோதமாக இருக்கும். இங்கே சபாநாயகரை வெளியே போகவிடாமல் குண்டுக்கட்டாக உட்கார வைத்தார்கள். பிரிவி கவுன்சிலைச் சேர்ந்த உறுப்பினர்கள் அவரை விடுவிக்க ஓடி வந்தார்கள். தள்ளுமுள்ளு. கடவுள் மேல் ஆணை, நாங்கள் எழுந்திருக்கும்வரை நீர் உட்கார்ந்தே ஆக வேண்டும் என்றார் ஹோல்ஸ்.

ஃபின்ச் அழுதார். நான் உங்கள் ஊழியனாக இருப்பதால் மன்னரின் ஊழியன் இல்லை என்றாகிவிடாது; வாக்கெடுப்புக்கு விடமாட்டேன் என்று சொல்லவில்லை, விடத் துணிவில்லை என்கிறேன் என்றார். அந்த மனிதரைப் பார்த்தால் எனக்கு எரிச்சலும் வருகிறது, பாவமாகவும் இருக்கிறது. கென்ட் மாவட்டத்துக்காரரான சர் பீட்டர் ஹேமன், சொந்த மாவட்டத்துக்கே நீர் ஓர் அவமானம் என்று சபாநாயகர் முகத்துக்கு நேரே சொன்னார். ஃபின்ச்சும் கென்ட்காரர்தான்.

இதுவரை வந்ததெல்லாம் பெரிய பெயர்கள். ஹோபார்ட் எங்கே வருகிறார் என்பது புரிய, சபை நடப்பதற்கு அன்றைக்கு என்னென்ன வேண்டும் என்று பார்க்க வேண்டும். நாற்காலியில் சபாநாயகர் இருக்க வேண்டும். அவர் இறங்கிவிட்டால் அது சபை அல்ல, வெறும் கூட்டம். மேசை மேல் மேஸ் என்கிற அதிகார தண்டம் இருக்க வேண்டும். அது மன்னரின் அதிகாரத்துக்கு அடையாளம், அதை எடுத்துப் போய்விட்டாலும் கதை முடிந்தது. அப்புறம், யாரும் உள்ளே வந்து கலைத்துவிடக் கூடாது. முதலாவதை ஹோல்ஸும் வாலன்டைனும் தோள்பலத்தில் பார்த்துக்கொண்டார்கள். மற்ற இரண்டும் கதவைப் பொறுத்தது.

உள்ளே ரகளை என்று கேள்விப்பட்ட சார்லஸ், சபையின் காவல் அதிகாரியான சார்ஜென்ட்டுக்கு ஆள் அனுப்பினார், மேஸை எடுத்துக்கொண்டு வா என்று. மல்லுக்கட்டாமல், காகிதத்தில் ஒரு வரி எழுதாமல் சபையைக் கலைக்கிற வழி அது. மன்னரின் ஆலோசகர்களுக்கு நடைமுறை நன்றாகத் தெரிந்திருந்தது. சபைக்கும் தெரிந்திருந்தது. சார்ஜென்ட்டைத் தடுத்துக் கதவுச் சாவியை அவரிடமிருந்து வாங்கி ஹோபார்ட் கையில் கொடுத்தார்கள். ஹோபார்ட் கதவைப் பூட்டினார். சாவி பைக்குள் போனது. மேஸ் மேசையை விட்டு நகரவில்லை.

அடுத்து வந்தவர் ஜேம்ஸ் மேக்ஸ்வெல், பிளாக் ராட் என்று சொல்லப்படும் மன்னரின் அவைத் தூதர். கறுப்புக் கோலோடு வந்து கதவைத் தட்டினார், மன்னரிடமிருந்து செய்தி என்றார். திறக்கவில்லை. இன்றைக்கும் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் ஒவ்வொரு கூட்டத்தொடரையும் தொடங்கும் நாளில் பிளாக் ராட் வர, அவர் முகத்தில் கதவைச் சாத்துவார்கள். மூன்று தட்டு தட்டிய பிறகு திறப்பார்கள். அந்தச் சடங்கை 1642இல் சார்லஸ் ஐந்து உறுப்பினர்களைப் பிடிக்கப் படையோடு வந்த சம்பவத்தோடு இணைத்துச் சொல்வது வழக்கம். சொல்லிவிட்டுப் போகட்டும். ஆனால் பிளாக் ராட் நிஜமாகவே கதவுக்கு வெளியே நின்று தட்டிக்கொண்டிருந்தது 1629இல்.

தட்டியும் பயனில்லை என்றதும் மன்னர் மெய்க்காவல் படைத் தலைவரைக் கூப்பிட்டார், கதவை உடைக்க. உள்ளே நேரம் ஓடிக்கொண்டிருந்தது. இடையில் எலியட் தன் தீர்மானத் தாளைத் தீயில் போட்டுவிட்டார், இனி அது வாக்கெடுப்புக்கு வராது என்ற வெறுப்பில். பிறகு ஹோல்ஸ் அதை நினைவிலிருந்தே சொன்னார். மூன்று தீர்மானங்கள். மதத்தில் புதுமை புகுத்துபவன், போப் மார்க்கத்தையோ ஆர்மினியஸ் என்ற டச்சு இறையியலாளரின் கொள்கையையோ கொண்டுவருபவன் நாட்டின் பரம விரோதி. நாடாளுமன்றம் தராத டனேஜ், பவுண்டேஜ் வரியை வசூலிக்க யோசனை சொல்பவனும் அதற்குத் துணைபோகிறவனும் அப்படியே. தானாக முன்வந்து அந்த வரியைக் கட்டும் வியாபாரி இங்கிலாந்தின் உரிமைகளைக் காட்டிக்கொடுத்தவன். ஒவ்வொன்றுக்கும் சம்மதம் என்று உரக்கக் கத்தினார்கள். பிறகு தாங்களே சபையை ஒத்திவைத்து, கதவைத் திறந்துகொண்டு வெளியேறினார்கள். படை வந்து சேரவில்லை.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கதவைப் பூட்டினால் வெளியே இருப்பவர் உள்ளே வர முடியாது. உள்ளே இருப்பவரும் வெளியே போக முடியாது. அன்று சபையில் இருந்த எல்லோரும் எலியட் கட்சி இல்லை. இது எங்கே போய் முடியுமோ என்று பயந்தவர்கள் உண்டு. அவர்களும் ஹோபார்ட்டின் சாவிக்கு உள்ளேதான் இருந்தார்கள். சபையின் சுதந்திரத்தைக் காத்த பூட்டு என்று புகழ்கிறவர்கள் இந்தப் பக்கத்தைப் பேசுவதில்லை. சர் சைமண்ட்ஸ் ட்யூஸ் என்ற சமகாலத்தவர், மன்னரின் மதக் கொள்கையைக் கடுமையாக வெறுத்தவர், அந்த நாளை ஐந்நூறு வருடத்தில் இங்கிலாந்து கண்ட மிகத் துயரமான நாள் என்று தன் வாழ்க்கை வரலாற்றில் எழுதினார். மன்னர் மேல் இருந்த அதே கோபம் அவருக்குச் சபையின் முரடர்கள் மேலும் இருந்தது. என் கட்சியைக் கேட்டால், பூட்டாமல் விட்டிருந்தால் மேஸ் போயிருக்கும், அந்த மூன்று தீர்மானங்களும் இருந்திருக்காது. ஆனால் ட்யூஸ் சொன்னதைத் தள்ளிவிடவும் முடியவில்லை, ஏனென்றால் அதற்குப் பிறகு 1640 ஏப்ரல் வரை, பதினொரு வருடம், இங்கிலாந்தில் நாடாளுமன்றமே கூடவில்லை.

உள்ளே

மறுநாளே ஒன்பது பேருக்கு அழைப்பு போயிற்று: எலியட், ஹோல்ஸ், வாலன்டைன், ஹோபார்ட், ஹேமன், கோரிட்டன், செல்டன், ஸ்ட்ரோட், வால்டர் லாங். ஸ்ட்ரோடும் லாங்கும் கொஞ்ச நாள் தலைமறைவாக இருந்தார்கள், கடைசியில் பிடிபட்டார்கள். மார்ச் 10இல் சார்லஸ் பிரபுக்கள் சபைக்கு வந்து நாடாளுமன்றத்தைக் கலைத்தார். காமன்ஸ் சபையில் நல்லவர்கள் நிறைய உண்டு, சில விஷப்பாம்புகள்தான் கெடுத்தன என்றார்.

ஹேமனும் கோரிட்டனும் பணிந்து சீக்கிரம் வெளியே வந்தார்கள். லாங் கதை தனி. அவரை வில்ட்ஷயர் ஷெரிஃபாக நியமித்திருந்தார்கள். ஷெரிஃப் தன் மாவட்டத்தை விட்டு நகரக் கூடாது. அப்படியிருக்க லண்டனில் வந்து சபையில் உட்கார்ந்தது குற்றம் என்று அவருக்கு ஸ்டார் சேம்பர் 2,000 மார்க் (ஒரு மார்க் என்பது பவுண்டில் மூன்றில் இரண்டு பங்கு) அபராதம் போட்டது. பிடிக்க ஒரு பழைய விதி கிடைத்துவிட்டது, அவ்வளவுதான்.

ஹோபார்ட் பணியவில்லை. அட்டர்னி ஜெனரல் ஹீத் 1629 மே மாதம் ஸ்டார் சேம்பரில் எல்லோர் மேலும் சேர்த்து ஒரு குற்றப்பத்திரிகை கொடுத்தார். அது மேலே நகரவில்லை. கைதிகள் தரப்பில் ஆட்கொணர்வு மனு போட்டார்கள். அதே வருடம் ஜூனில் நீதிபதிகள் ஜாமீன் கொடுத்துவிடுவார்கள் என்ற நிலை வந்ததும், மன்னர் ஒரு காரியம் செய்தார். கைதிகளை டவர் கோட்டைக்கு மாற்றி, தீர்ப்பு நாளில் நீதிமன்றத்துக்கு வரவிடாமல் செய்தார். ஆள் வராமல் ஆட்கொணர்வு எப்படி? நீதிமன்றமும் விடுமுறைக்குப் போயிற்று.

அக்டோபரில் ஜாமீன் தருகிறோம் என்றார்கள், ஆனால் நன்னடத்தைப் பிணையும் சேர்த்துக் கட்ட வேண்டும். நம்மூர் காவல் நிலையங்களில் ரவுடிப் பட்டியலில் இருப்பவர்களிடம் எழுதி வாங்குகிற மாதிரியான பத்திரம் அது. இங்கேதான் எனக்கு இந்த மனிதர்கள் மேல் மரியாதை வருகிறது. சாதாரண ஜாமீன் என்றால் கட்டத் தயார். நன்னடத்தைப் பிணை கட்டினால், சபையில் நாங்கள் செய்தது துர்நடத்தை என்று நாங்களே ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று மறுத்து உள்ளேயே இருந்தார்கள். இந்த வாதத்தைக் கட்டி எழுப்பியதில் செல்டனின் பங்கு பெரிது, அவர் அந்தக் காலத்தின் தலைசிறந்த சட்ட அறிஞர். ஆனால் அறிஞரின் வாதத்துக்குச் சிறையில் கூடவே உட்கார ஹோபார்ட் மாதிரி ஆட்களும் தேவைப்பட்டார்கள்.

1630 ஜனவரியில் எலியட், ஹோல்ஸ், வாலன்டைன் மூவர் மீது மட்டும் கிங்ஸ் பெஞ்ச் நீதிமன்றத்தில் வழக்கு நடந்தது. எங்களை விசாரிக்க இந்த நீதிமன்றத்துக்கு அதிகாரம் இல்லை என்று சொன்னார்களே தவிர, குற்றச்சாட்டுக்குப் பதில் சொல்லவில்லை. பதில் சொல்லாததையே ஒப்புதலாக எடுத்துக்கொண்டு தீர்ப்பு வந்தது: எலியட்டுக்கு 2,000 பவுண்டு, ஹோல்ஸுக்கு 1,000 மார்க், வாலன்டைனுக்கு 500 பவுண்டு, மன்னர் விரும்பும்வரை சிறை. நாடாளுமன்றத்தில் செய்த குற்றத்தை நாடாளுமன்றம் முடிந்த பிறகு வேறு நீதிமன்றம் தண்டிக்கலாம் என்பது நீதிபதிகள் வைத்த நியாயம்.

ஹோபார்ட் பெயர் அந்தத் தீர்ப்பில் இல்லை. பூட்டியதற்காக அவர் மேல் எந்த நீதிமன்றமும் குற்றம் நிரூபிக்கவில்லை. தண்டனை பெற்றவர்களைப் போலவே அவரும் உள்ளே கிடந்தார், ஆனால் தண்டனை பெறாமல். பிற்காலத்தில் ஆராய்கிறவர்களுக்கு அவர் வழக்கு நழுவிப் போவது இதனால்தான்: புரட்டிப் பார்க்க ஒரு தீர்ப்பு கிடையாது.

ஆனால் அவர் பெயரில் வேறொரு வழக்கு சட்டப் புத்தகத்தில் ஏறிவிட்டது, அதுதான் வேடிக்கை. அவரும் ஸ்ட்ரோடும் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயை ஒட்டிய கேட்ஹவுஸ் சிறையில் இருந்தார்கள். 1618இல் வால்டர் ராலே தன் கடைசி இரவைக் கழித்த அதே சிறை. 1630இல் லண்டனில் பிளேக் பரவியது. சிறைக் காவலர் இரக்கப்பட்டோ, தொற்றுக்குப் பயந்தோ, இவர்களை ஊர்ப்பக்கம் போய்வர விட்டுவிட்டார். இவர்களும் போனார்கள். பிறகு அது சிறையிலிருந்து தப்பியதாகக் கருதப்பட்டு வழக்கானது. காவலரே அனுமதித்தால் அது தப்பித்தலா, கைதியை எவ்வளவு இறுக்கமாக வைத்திருக்க வேண்டும் என்பது கேள்வி. ஹோபார்ட் அண்ட் ஸ்ட்ரோட் வழக்கு என்று அது பின்னாலும் எடுத்துக்காட்டப்பட்டது. சபைக் கதவைப் பூட்டியவருக்குச் சட்ட நூல்களில் கிடைத்த நிரந்தர இடம், திறந்துவிட்ட ஒரு சிறைக் கதவால் வந்தது.

ஹோல்பார்ன் சரிவு

1631இல் ஹோபார்ட் வெளியே வந்தார். ஒரு வருடம்தான். 1632 கோடையில் ஹோல்பார்ன் ஹில் சரிவில் அவருடைய கோச் வண்டியின் குதிரைகள் மிரண்டு ஓடின. வண்டி கவிழ்ந்தது. அதில் போய்விட்டார்.

இன்றைக்கு லண்டனில் ஹோல்பார்ன் வழியாக நடப்பவர்களுக்கு அங்கே ஒரு மலைச்சரிவு இருந்தது என்றே தெரியாது. 1869இல் திறந்த ஹோல்பார்ன் மேம்பாலம் பள்ளத்தைத் தூர்த்த மாதிரி சமமாக்கிவிட்டது. அந்தக் காலத்தில் ஃப்ளீட் ஓடையின் பள்ளத்துக்குள் செங்குத்தாக இறங்கி மறுபக்கம் ஏற வேண்டும். நியூகேட் சிறையிலிருந்து டைபர்ன் தூக்குமேடைக்குக் கைதிகளைக் கொண்டுபோன பாதையும் அதுதான். கோச் வண்டியோ, பணக்காரர்களிடம் பரவி அதிக காலம் ஆகாத சாதனம். மரக்கூண்டைத் தோல் வாரில் தொங்கவிட்டிருப்பார்கள். இரும்பு ஸ்பிரிங் கிடையாது. குதிரை மிரண்டால் சரிவில் வண்டியின் கனமே பின்னாலிருந்து தள்ளும்.

எலியட் அதே வருடம் நவம்பர் 27இல் டவரில் காசநோயில் இறந்தார். உடலைச் சொந்த ஊரான கார்ன்வாலுக்குக் கொண்டுபோக மகன் கேட்டார். எந்தப் பங்கில் இறந்தாரோ அந்தப் பங்குக் கோயிலிலேயே புதைக்கட்டும் என்று சார்லஸ் எழுதி அனுப்பினார். வாலன்டைனும் ஸ்ட்ரோடும் 1640 ஜனவரி வரை, ஏறத்தாழ பதினொரு வருடம், உள்ளே இருந்தார்கள். அழுத சபாநாயகர் ஃபின்ச் மேலே போனார்: தலைமை நீதிபதி, பிறகு லார்டு கீப்பர். 1640 டிசம்பரில், அந்த நவம்பரில் கூடிய நாடாளுமன்றம் (பின்னாளில் நீண்ட நாடாளுமன்றம் என்று பெயர்) அவர் மேல் குற்றம் சுமத்தத் தொடங்கியதும் ஹாலந்துக்கு ஓடினார்.

கணக்குத் தீர்த்தல்

1642இல் சார்லஸ் தேடி வந்த ஐந்து பேரில் ஹோல்ஸும் ஸ்ட்ரோடும் இருந்தார்கள் என்பதைச் சொல்லாமல் விட முடியாது. பதின்மூன்று வருடப் பகை.

மன்னருக்கும் நாடாளுமன்றத்துக்கும் நடந்த முதல் உள்நாட்டுப் போர் முடிந்ததும், 1647 ஜனவரியில், நாடாளுமன்றம் 1629 கைதிகளுக்கு இழப்பீடு ஒதுக்கியது. உயிரோடிருந்தவர்களுக்கும் இறந்தவர்களின் குடும்பங்களுக்கும் தலைக்கு 5,000 பவுண்டு. ஹோபார்ட் பெயரில் 500 பவுண்டு, அதுவும் கல்லறைச் சின்னம் எழுப்ப. மார்லோ தேவாலயத்தில் அந்தச் சின்னம் இன்னும் இருக்கிறது, கோயிலை 1830களில் இடித்துக் கட்டியும் தப்பித்து. நாடாளுமன்றத்தின் செலவில் ஒரு தனிமனிதருக்கு எழுப்பிய முதல் சின்னங்களில் ஒன்று என்று ஊர்க்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள். கீழே ஒரு சிறு செதுக்கல் உண்டு: குதிரைகள், கவிழும் கோச் வண்டி. பார்க்கிறவர்கள் இது ஏதோ விபத்தில் போன பணக்காரர் என்றுதான் முதலில் நினைப்பார்கள்.

அந்த ஐயாயிரமும் ஐந்நூறும் அரசியல் வெற்றியில் வந்த பணம். சட்டத்தில் 1630 தீர்ப்பு அப்படியே நின்றுகொண்டிருந்தது. 1641இல் காமன்ஸ் சபை அது உரிமை மீறல் என்று தீர்மானம் போட்டது. தீர்மானத்தால் தீர்ப்பு சாகாது. மன்னராட்சி போய், கிராம்வெல் வந்து போய், இரண்டாம் சார்லஸ் வந்த பிறகு, ஹோல்ஸ் அப்போது பிரபுவாகிவிட்டிருந்தார். 1667இல் காமன்ஸ் சபை மறுபடி தீர்மானம் நிறைவேற்றியது. ஹோல்ஸ் பிரபுக்கள் சபையில் பிழை மனு, அதாவது தீர்ப்பில் சட்டப் பிழை உண்டு என்ற மேல்முறையீடு, போட்டார். 1668இல் தீர்ப்பு ரத்தானது. சபாநாயகரை அமுக்கிப் பிடித்தவருக்கு அப்போது அறுபத்தெட்டு, அறுபத்தொன்பது வயது.

ரத்துக்குச் சொன்ன காரணங்களில்தான் விஷயம் இருக்கிறது. சபையில் பேசிய பேச்சை கிங்ஸ் பெஞ்ச் விசாரித்தது தவறு, இது முதல் பிழை. பேச்சையும், சபாநாயகரைத் தாக்கியதையும் ஒரே குற்றமாகச் சேர்த்துத் தண்டித்தது இன்னொரு பிழை. அப்படியானால் தாக்கியதைத் தனியாக வெளி நீதிமன்றத்தில் விசாரித்திருந்தால் செல்லுமா? அதற்குப் பிரபுக்கள் பதில் சொல்லவில்லை. வேண்டுமென்றே விட்டுவிட்டார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. 1689இன் உரிமைச் சட்டம் பேச்சு, விவாதம், சபை நடவடிக்கை மூன்றையும் வெளி நீதிமன்றத்தில் கேள்விக்கு உட்படுத்தக் கூடாது என்று எழுதியது. நம் அரசமைப்புச் சட்டத்தின் 105ஆவது, 194ஆவது பிரிவுகளில் உறுப்பினரின் பேச்சுக்கும் வாக்குக்கும் தருகிற பாதுகாப்பு இந்த வழியில் வந்ததுதான். நடவடிக்கை என்பதில் கை வைப்பது சேருமா, தள்ளுவது சேருமா என்ற வாதம் இரண்டு நாட்டிலும் ஓயவில்லை.

பூட்டுவது சேருமா? ஹோபார்ட் யாரையும் அடிக்கவில்லை. சபை கொடுத்த சாவியால் சபையின் கதவைச் சபை நடந்துகொண்டிருக்கும்போது பூட்டினார். நாற்காலியில் அமுக்கியதைவிட இது சபை நடவடிக்கை என்ற சொல்லுக்கு நெருக்கம் என்பது என் எண்ணம். ஆனால் 1668இல் அந்தக் கேள்வி பிரபுக்கள் முன் வரவே இல்லை. ஹோபார்ட் மீது தீர்ப்பு என்று ஒன்று இருந்தால்தானே ரத்து செய்ய.